குழந்தைகளின் கடும் பெருங்குடல் அழற்சி: மருந்துக்கு எத்தனை நாள், அறுவை எப்போது?

மலத்தில் இரத்தம் போகும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கிருமித் தொற்றுதான். ஒரு வாரம், பத்து நாளில் அது அடங்கிவிடும். இரண்டு வாரம் கடந்தும் இரத்தமும் சளியும் நிற்கவில்லை, நடு ராத்திரியில் தூக்கம் கலைந்து கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது, எடை இறங்குகிறது, முகம் வெளுத்துப்போகிறது என்றால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸை நினைத்துப் பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்பு அமைப்பு தன் குடலையே தாக்கி, பெருங்குடலின் உள்தோலைப் புண்ணாக்கும் நாள்பட்ட நோய் இது.

புண் மலக்குடலில் தொடங்கி, பெரும்பாலும் இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். பெரியவர்களில் பலருக்கு மலக்குடலோடோ இடப்பக்கக் குடலோடோ நின்றுவிடுகிறது. குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் தெரியவரும்போதே பெருங்குடல் முழுவதும் புண்ணாகியிருக்கும். கடும் தாக்குதல் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை குழந்தைகளிடம் அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம். ஒரு நாளில் ஏழெட்டு முறைக்கு மேல் இரத்தத்தோடு மலம், விடாத வயிற்றுவலி, எழுந்து நடமாடவே தெம்பில்லாமை என்ற அளவுக்கு வந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உள்நோயாளியாகச் சேர்த்து, குழந்தைகள் குடல்நோய் மருத்துவரும் குழந்தைகள் அறுவை மருத்துவரும் சேர்ந்து கவனிக்க வேண்டும்.

இந்த நோயை நடத்துவது தேதிக் கணக்கு. எந்த மருந்துக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் பலன் தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போயாக வேண்டும், கடைசிப் படி அறுவை சிகிச்சை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம், இன்னும் ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம் என்று தள்ளிப்போடும்போதுதான் குழந்தைகள் ஆபத்தில் சிக்குகிறார்கள். அறுவையை மருத்துவத்தின் தோல்வியாக நினைக்கும் பெற்றோர் பலர், மருத்துவர்களிலும் சிலர் உண்டு. அந்த எண்ணமே தாமதத்துக்கு முதல் காரணம்.

முதலில் தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று ஏற்கெனவே தெரிந்த குழந்தையாக இருந்தாலும், புதிதாக வந்த குழந்தையாக இருந்தாலும், முதல் நாளே மலத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் ஆகியவற்றுக்கான கல்ச்சர், கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் நச்சுப் பரிசோதனை, அமீபா பரிசோதனை ஆகிய மூன்றும் வேண்டும். டிஃபிசில் கிருமி ஏற்கெனவே புண்ணான குடலில் குடியேறித் தாக்குதலைக் கடுமையாக்கும். அது இருந்தால் அதற்கான மருந்தையும் சேர்த்துத் தர வேண்டும்.

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் அமீபாவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அமீபா சீதபேதியும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அமீபா இருக்கும் குழந்தைக்கு அது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் குடல் அழுகி ஓட்டை விழக்கூடும். எனவே ஸ்டீராய்டின் முதல் ஊசிக்கு முன்பே மல மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும். மலம் சூடு ஆறுவதற்குள், ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள், நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சிவப்பணுக்களை விழுங்கிய நிலையில் அசையும் அமீபா கண்ணில் படும். ஆறிப்போன மாதிரியில் அது செத்துச் சுருங்கிவிடும், 'அமீபா இல்லை' என்று தவறான முடிவு வரும். ஆன்டிஜென் சோதனையோ பி.சி.ஆர் சோதனையோ கிடைக்கும் இடத்தில் அதையும் செய்வது நல்லது. முடிவு வரும் முன்பே சந்தேகம் வலுவாக இருந்தால் மெட்ரோனிடசோலைத் தொடங்கிவிடலாம்.

மண்ணிலிருந்து கால் வழியாக நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவும் இந்தப் பகுதிகளில் உண்டு. ஸ்டீராய்டு கொடுக்கும்போது அது கட்டுமீறிப் பெருகி உடலெங்கும் பரவக்கூடும். இரத்தத்தில் இயோசினோஃபில் கூடியிருந்தால் அதையும் தேட வேண்டும். குடல் காசநோயையும் மறக்கக் கூடாது.

ஒரு சின்னக் குறிப்பு இங்கே உதவும். இ.கோலை ஓ157 போன்ற சில கிருமிகள் இரத்தபேதியோடு தொடங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும், அப்போது பிளேட்லெட் எண்ணிக்கை விழும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அது வழக்கமாக உயரும். இரத்தபேதியோடு பிளேட்லெட் குறைந்திருக்கும் குழந்தைக்குச் சிறுநீரகப் பரிசோதனை அன்றைக்கே நடக்க வேண்டும்.

மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு பார்ப்பது இப்போது பரவலாகிவிட்டது. குடலில் அழற்சி இருக்கிறது என்பதை அது நன்றாகக் காட்டும். ஆனால் தொற்றிலும் அது உயரும், அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் உயரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அதனால் முடியாது.

குழந்தைக்கு 6 வயதுக்குள் நோய் தொடங்கியிருந்தால் கணக்கே மாறுகிறது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பு அமைப்பில் குறைபாடு இருக்கலாம். இன்டர்லூக்கின் 10 ஏற்பியில் வரும் மரபணுக் கோளாறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெருங்குடலை எடுத்தாலும் அந்தக் குழந்தைக்கு நோய் தீராது, எலும்பு மஜ்ஜை மாற்றே வழியாக இருக்கும். எனவே இந்த வயதில் அறுவைக்கு முன் நோய் எதிர்ப்புப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் கேட்டு வாங்க வேண்டும். கைக்குழந்தை என்றால் பசும்பால் ஒவ்வாமையையும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு கடுமை என்பதை எண்ணில் சொல்வது

பெரியவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவர் 1955-இல் வகுத்த அளவுகோல் இருக்கிறது. இரத்தத்தோடு போகும் மலத்தின் எண்ணிக்கை, நாடித் துடிப்பு, காய்ச்சல், ஹீமோகுளோபின், இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம் (இ.எஸ்.ஆர்) ஆகியவற்றை வைத்து அது கணக்கிடுகிறது. குழந்தைகளுக்கு 'பியூகாய்' என்ற மதிப்பெண் முறை பொருத்தமாக இருக்கிறது. டொராண்டோவில் உருவாகி 2007-இல் வெளியான இதற்கு இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆறு கேள்விகள் போதும். கடும் நோயிலும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி அளவு சாதாரணமாக இருக்கும் குழந்தைகள் உண்டு என்பதால், கேள்வி கேட்டே கணிக்கும் இந்த முறை ஆய்வக அறிக்கையைவிட நம்பகமானது.

வயிற்றுவலி: இல்லையென்றால் 0, பொறுத்துக்கொண்டு போகும் அளவு என்றால் 5, பொறுக்க முடியாவிட்டால் 10. இரத்தம்: இல்லையென்றால் 0, பாதிக்கும் குறைவான தடவைகளில் கொஞ்சமாக என்றால் 10, பெரும்பாலான தடவைகளில் கொஞ்சமாக என்றால் 20, மலத்தில் பாதிக்கு மேல் இரத்தமாகவே போனால் 30. மலத்தின் தன்மை: கெட்டியாக இருந்தால் 0, அரைகுறையாக இருந்தால் 5, முற்றிலும் தண்ணீராக இருந்தால் 10. ஒரு நாளில் எத்தனை தடவை: 2 வரை 0, 3 முதல் 5 வரை 5, 6 முதல் 8 வரை 10, அதற்கும் மேல் 15. தூக்கத்திலிருந்து எழுப்பும் மலம் இருந்தால் 10. அன்றாட நடமாட்டம் சில சமயம் தடைப்பட்டால் 5, முழுதாக முடங்கினால் 10. எல்லாம் சேர்ந்தால் அதிகபட்சம் 85.

10-க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது. 10 முதல் 34 வரை லேசான நோய், 35 முதல் 64 வரை நடுத்தரம். 65-ஐத் தொட்டாலே கடும் தாக்குதல்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 12 வயதுப் பெண், வலி பொறுக்க முடியவில்லை (10). பெரும்பாலான தடவைகளில் கொஞ்சம் இரத்தம் (20). தண்ணீராகப் போகிறது (10). நாளைக்கு 9 தடவை (15). ராத்திரி எழுந்திருக்கிறாள் (10). படுக்கையில் உட்கார்ந்து பேசுகிறாள், நடமாட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது (5). மொத்தம் 70. பார்வைக்குச் சிரித்த முகமாக இருந்தாலும் அவளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இந்த எண்ணைத் தினமும் ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒரே ஆள் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பெற்றோரும் ஒரு தாளில் ஒவ்வொரு மலத்தையும் நேரம், இரத்தம், தன்மை என்று குறித்து வைத்தால் கணக்கு துல்லியமாகும். 'பரவாயில்லை, நேற்றைவிடக் கொஞ்சம் தேவலை' என்ற வாய்மொழியை நம்பி முடிவெடுக்கும் இடத்தில்தான் நாட்கள் வீணாகின்றன.

முதல் ஐந்து நாள்

நரம்பு வழியாக மெதில்பிரெட்னிசோலோன், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 மி.கி வரை, அதிகபட்சம் 60 மி.கி. அளவை அதற்கு மேல் கூட்டுவதால் பலன் கூடுவதில்லை, பக்கவிளைவுதான் கூடும். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் குடல் அழற்சி மருந்தான மெசலமைனை நிறுத்திவைப்பது நல்லது, சிலருக்கு அந்த மருந்தே பேதியைக் கிளப்பும்.

சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், அல்புமின், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்துச் சரிக்கட்ட வேண்டும். பேதியிலும் ஸ்டீராய்டாலும் பொட்டாசியம் வெளியேறும். அது குறைந்தால் குடல் அசைவு நின்று வயிறு உப்பும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றுவதை யோசிக்க வேண்டும். வயிறு உப்பவில்லை, வாந்தி இல்லை என்றால் குழந்தை வழக்கமான சாப்பாடு சாப்பிடலாம். பட்டினி போட்டுக் குடலுக்கு ஓய்வு தருவதால் புண் ஆறுவதில்லை.

கொடுக்கவே கூடாதவை சில உண்டு. லோபெரமைட் போன்ற பேதி நிறுத்தும் மாத்திரைகள், வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமைன், வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மார்ஃபின் வகை மருந்துகள். இவற்றில் சில குடலை அசையவிடாமல் கட்டிப்போட்டு வீங்க வைக்கும், வலி மருந்துகள் புண்ணையே பெரிதாக்கும். வலிக்குப் பாரசிட்டமால் தரலாம். அதையும் மீறி வலி இருந்தால் மருந்தை ஏற்றாமல் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் இரத்தம் உறையும் அபாயம் பலரும் மறந்துவிடுகிற ஒன்று. மலத்தில் இரத்தம் போகும் குழந்தைக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போடுவதா என்று கேட்கத் தோன்றும். கடும் அழற்சி, படுத்தே கிடப்பது, ஸ்டீராய்டு, நீர்ச்சத்துக் குறைவு, பெரிய இரத்தக்குழாயில் செருகிய ட்ரிப்ஸ் குழாய் எல்லாம் சேர்ந்து காலின் இரத்தக்குழாயிலும் மூளையின் இரத்தக்குழாயிலும் இரத்தக்கட்டி வரவைக்கும். குறிப்பாகப் பருவமடைந்த பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தால், அந்தத் தடுப்பு ஊசியான எனாக்ஸபரின் தருவதே வழக்கமாகி வருகிறது.

முழுக் கொலனோஸ்கோபி இந்த நாட்களில் வேண்டாம். மெலிந்த குடலில் காற்றை ஊதி நீளக் குழாயை விட்டால் ஓட்டை விழலாம். மூன்றாம் நாள் வரை பலன் தெரியாவிட்டால் மலக்குடலும் அதை ஒட்டி மேலே இருக்கும் சிக்மாய்டு பகுதியும் மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி போதும். வயிறு சுத்தப்படுத்தும் மருந்து இல்லாமல், குறைந்த காற்றோடு செய்து, திசு எடுத்து சைட்டோமெகலோ வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வைரஸ் இருந்தால் ஸ்டீராய்டு வேலை செய்யாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம், கான்சிக்ளோவிர் சேர்க்க வேண்டிவரும்.

மூன்றாம் நாள் முதல் கெடு. பியூகாய் 45-க்கு மேலேயே நின்றால் ஸ்டீராய்டு கைவிட்டுவிடும் வாய்ப்பு அதிகம். மருந்தை அன்றே மாற்ற வேண்டியதில்லை, ஆனால் அடுத்த கட்டத்துக்கான வேலைகளை அன்றே முடித்தாக வேண்டும். மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, ஹெப்படைட்டிஸ் பி, எச்.ஐ.வி, அம்மை எதிர்ப்புத் திறன் ஆகிய முடிவுகள் கையில் இருந்தால்தான் அடுத்த மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் தொடங்க முடியும். ஐந்தாம் நாளில் போய்க் காசநோய் பார்க்கும் மான்டூ ஊசி போட்டால் முடிவுக்கு மேலும் இரண்டு நாள் காத்திருக்க நேரிடும். குழந்தைகள் அறுவை மருத்துவர் வந்து பார்ப்பதும், ஸ்டோமாவை, அதாவது அறுவைக்குப் பின் மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பை, பராமரிக்கும் செவிலியர் குடும்பத்தோடு பேசுவதும் இந்த மூன்றாம் நாளில்தான் நடக்க வேண்டும். அறுவை முடிவான பிறகு முதன்முறையாக அறுவை மருத்துவரைப் பார்க்கும் குடும்பத்துக்கு அது பேரதிர்ச்சியாக இருக்கும்.

ஐந்தாம் நாள் இரண்டாவது கெடு. 65-க்கு மேல் என்றால் அன்றே இரண்டாம் மருந்து. 35-க்கும் 65-க்கும் இடையே என்றால் ஸ்டீராய்டை இன்னும் 2 முதல் 5 நாள் தொடர்ந்து பார்க்கலாம். 35-க்குக் கீழே இறங்கினால் வாய்வழி மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்ப ஆயத்தமாகலாம். வட அமெரிக்காவில் 128 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில் 29 சதவீதத்தினருக்கு ஸ்டீராய்டு வேலை செய்யவில்லை. ஓராண்டுக்குள் 19 சதவீதத்தினருக்குப் பெருங்குடலை அகற்ற வேண்டிவந்தது.

இரண்டாம் மருந்தாக இன்ஃப்ளிக்ஸிமாப், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய மூன்றில் ஒன்று. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இன்ஃப்ளிக்ஸிமாப்தான். கிலோவுக்கு 5 மி.கி என்பது அடிப்படை அளவு, ஆனால் கடும் தாக்குதலில் பல மையங்கள் 10 மி.கி வரை ஏற்றி, அடுத்த டோஸையும் சீக்கிரமே தருகின்றன. புண்ணான குடல் வழியாக மருந்தே மலத்தில் ஒழுகி வெளியேறுவதும், அல்புமின் குறைந்த உடலில் மருந்து வேகமாகத் தீர்ந்துபோவதும் இதற்குக் காரணம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் தெளிவான பலன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூன்றாவது மருந்தைத் தேடிப் போவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். எதிர்ப்புச் சக்தியை அடுக்கடுக்காக அழுத்திய பிறகு கத்தி வைப்பது தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும்.

வயிறு உப்பினால்

எந்த நாளிலும் நடக்கக்கூடிய பெரிய ஆபத்து, குடல் நச்சு வீக்கம். குடல் சுவர் முடங்கி, காற்று நிரம்பி, பலூனாகிவிடும். இதில் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு: நேற்றுவரை 10 தடவை போன குழந்தை இன்று 3 தடவைதான் போகிறது, வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அதே நேரத்தில் வயிறு உப்பியிருக்கிறது, காய்ச்சல் வந்திருக்கிறது, நாடி ஓடுகிறது, குழந்தை மந்தமாகக் கிடக்கிறது. மலம் குறைந்தது குணமானதால் அல்ல, குடல் நின்றுபோனதால்.

படுக்க வைத்து எடுத்த வயிற்று எக்ஸ்ரேயில் குறுக்குப் பெருங்குடலின் அகலத்தை அளக்க வேண்டும். 11 வயதுக்குக் கீழே 40 மி.மீ-க்கு மேலும், அதற்கு மேற்பட்ட வயதில் 56 மி.மீ-உம் அதற்கு மேலும் இருந்து, உடல் முழுவதும் நச்சுநிலை தெரிந்தால் நோய் உறுதி. வாய்வழி உணவை நிறுத்தி, ட்ரிப்ஸ், ஆன்டிபயாட்டிக் தொடங்கி, அறுவை மருத்துவரை அழைத்து, சில மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தேறாவிட்டால், அல்லது எந்த நேரமும் மோசமானால், அறுவை. ஸ்டீராய்டில் இருக்கும் குழந்தைக்குக் குடல் ஓட்டை விழுந்தாலும் வயிறு கல்லாக இறுகாமல் இருக்கலாம், வலி குறைவாகத் தெரியலாம் என்பதால் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

முதல் அறுவை: கூடியவரை சின்னது

அறுவைக்குக் காரணங்கள் மூன்று வகை. ஓட்டை, நிற்காத இரத்தப்போக்கு, தேறாத நச்சு வீக்கம் ஆகியவை அவசர வகை. இரண்டாம் மருந்தும் பலிக்காதது ஓரிரு நாளில் செய்ய வேண்டிய வகை. ஸ்டீராய்டை விட முடியாமல் வளர்ச்சி குன்றி நிற்பது திட்டமிட்டுச் செய்யும் வகை. முதலிரண்டிலும் அறுவையின் நோக்கம் ஒன்றே: நோயுற்ற பெருங்குடலை எடுத்து, குழந்தையைக் காப்பாற்றி, வேறு எதையும் கெடுக்காமல் வெளியே வருவது. மலக்குடலையும் சேர்த்து எடுத்து, சிறுகுடலால் 'பவுச்' என்ற பை கட்டி, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பது இந்த நிலையில் தவறு. ஸ்டீராய்டும் சத்துக் குறைவும் சேர்ந்த உடலில் தையல் பிரியும், இடுப்புக்குழியில் சீழ் கட்டும்.

அறுவைக்கு முன் ஒரு காரியம் மிக முக்கியம். வயிற்றில் ஸ்டோமா வரும் இடத்தை முன்பே மார்க்கரால் குறிக்க வேண்டும். குழந்தை படுத்திருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்துப் பார்க்க வேண்டும். தொப்புளிலிருந்தும், விலா எலும்பிலிருந்தும், இடுப்பெலும்பிலிருந்தும், பாவாடையோ பேண்ட்டோ இறுகும் கோட்டிலிருந்தும், மடிப்பு விழும் இடத்திலிருந்தும் தள்ளி, வலப்பக்கம் வயிற்றுத் தசை வழியாக வர வேண்டும். குழந்தை தன் கண்ணால் அந்த இடத்தைப் பார்த்துக் கையால் தொட முடிய வேண்டும். மடிப்பில் அமைந்த ஸ்டோமாவில் பை ஒட்டாது, ஒழுகும், தோல் வெந்துபோகும், பள்ளிக்கூடம் போகவே குழந்தை பயப்படும்.

பெரும்பாலும் லேப்ராஸ்கோபி மூலம் செய்யலாம். நச்சு வீக்கம் இருந்தால் நடு வயிற்றைத் திறந்து செய்வதே பத்திரம், ஏனென்றால் அந்தக் குடல் நனைந்த காகிதமாக இருக்கும், பிடித்தால் கிழியும். குடலில் ஓமென்டம் என்ற கொழுப்புத் திரை இறுக ஒட்டியிருந்தால் பிரித்தெடுக்க முயலக் கூடாது. அங்கே ஒரு ஓட்டையை அது மூடிக்கொண்டிருக்கலாம், பிரித்த கணம் மலம் வயிற்றுக்குள் கொட்டும். சேர்த்தே எடுத்துவிட வேண்டும்.

சிறுகுடலைப் பெருங்குடலில் சேரும் இடத்தை ஒட்டியே வெட்ட வேண்டும், சிறுகுடலில் ஒரு சென்டிமீட்டரும் வீணாகக் கூடாது. இலியோகோலிக் தமனியைக் காப்பாற்றுவதும் அவசியம். பிற்காலத்தில் பவுச் கட்டும்போது அதற்கு இரத்தம் தரப்போவது அந்த நாளம்தான். கீழே, இடுப்புக்குழிக்குள் இறங்காமல், சிக்மாய்டின் கடைசியில் குடலை வெட்டிவிட வேண்டும். இடுப்புக்குழியின் திசு அடுக்குகளை இப்போது தொட்டுவிட்டால், அடுத்த அறுவையில் தழும்பு மண்டி, சிறுநீர், பாலுறுப்பு நரம்புகளைக் காப்பாற்றுவது கடினமாகும்.

விட்டுவைத்த மலக்குடல் முனை, ஸ்டேப்பிள் போட்டு மூடிய பிறகும், சில நாளில் வெடித்துத் திறந்துகொள்ளலாம். அதைத் தடுக்க இரண்டு வழி. முனையைக் கொஞ்சம் நீளமாக விட்டு வயிற்றுச் சுவரின் கீழ்ப்பகுதியில், தோலுக்கடியில் பதிப்பது ஒன்று. வெடித்தாலும் அது வெளியே வடியும், வயிற்றுக்குள் போகாது. ஆசனவாய் வழியாக ஒரு ரப்பர் குழாயைச் சில நாள் வைத்து உள்ளழுத்தத்தை வடிப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். அறுவைக்குப் பின் நாலைந்து நாளில் காய்ச்சல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுவே.

எடுத்த குடல் முழுவதையும் நோய்க்குறியியல் மருத்துவர் ஆராய்ந்து, இது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்தானா, சிறுகுடலையும் தாக்கக்கூடிய க்ரோன்ஸ் நோயா என்று சொல்ல வேண்டும். குழந்தைகளில் இரண்டையும் தொடக்கத்தில் பிரிப்பது சிரமம். க்ரோன்ஸ் என்றால் அடுத்த கட்டப் பவுச் பெரும்பாலும் நிலைக்காது. பெருங்குடலை எடுப்பது, பவுச் கட்டுவது, தற்காலிக ஸ்டோமாவை மூடுவது என்று அறுவையை மூன்று படிகளாகப் பிரிப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை, இந்தப் பதிலுக்காகக் காத்திருக்க முடிவது.

ஸ்டோமாவோடு சில மாதம்

ஸ்டோமா என்பது சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைப்பது. 2 முதல் 2.5 செ.மீ வரை மூக்குபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சிறுகுடல் நீரில் செரிமானச் சாறுகள் இருப்பதால் தோலில் பட்டால் அரித்துவிடும், நீட்டிக்கொண்டிருந்தால்தான் நேராகப் பைக்குள் விழும். தொடக்கத்தில் வீங்கியிருக்கும், ஆறெட்டு வாரத்தில் சுருங்கும். பைத் தகட்டில் வெட்டும் ஓட்டை ஸ்டோமாவைவிட 2, 3 மி.மீ மட்டும் பெரிதாக இருக்கட்டும், வாராவாரம் அளந்து வெட்டவும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும், தகட்டை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். நல்ல ஸ்டோமா இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே மருத்துவமனை.

வீட்டுக்குப் போன பிறகு வரும் பெரிய சிக்கல் நீர்ச்சத்துக் குறைவு. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 20 மி.லி-க்கு மேல் வெளியேறினால் அது அதிகம். பெருங்குடல் இல்லாததால் உப்பை மீட்டுத் தர ஆளில்லை. வெறும் தண்ணீரோ, பழச்சாறோ, குளிர்பானமோ அதிகம் குடித்தால் வெளியேற்றம் இன்னும் கூடும். ஓ.ஆர்.எஸ் கரைசல்தான் சரியான பானம். உப்புப் போட்ட கஞ்சி, மோர் நல்லது. பார்வைக்கு நன்றாக இருந்தும் எடை ஏறாத குழந்தைக்குச் சிறுநீரில் சோடியம் பார்க்க வேண்டும், மிகக் குறைவாக இருந்தால் உடல் உப்புக்கு ஏங்குகிறது என்று பொருள்.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. பல வாரம் ஸ்டீராய்டு வாங்கிய உடலின் அட்ரினல் சுரப்பி தூங்கிக்கிடக்கும். அறுவை நேரத்தில் கூடுதல் ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். இடையில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் டோஸைக் கூட்ட வேண்டிவரும்.

பெருங்குடல் போன சில வாரத்தில் பல குழந்தைகளின் பசி திரும்பிவிடுகிறது, எடையும் ஏறுகிறது. விட்டுவைத்த மலக்குடலில் நோய் தொடரும், இரத்தமும் சளியும் ஆசனவாய் வழியாக வரும். குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள்.

பவுச்

இரண்டாம் அறுவைக்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். ஸ்டீராய்டு நின்றிருக்க வேண்டும், எடை தேறியிருக்க வேண்டும், நோய்க்குறியியல் அறிக்கையில் க்ரோன்ஸ் இல்லை என்றிருக்க வேண்டும். மலக்குடலை எடுத்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஆங்கில 'ஜே' வடிவத்தில் மடித்துத் தைத்துச் சேமிப்புப் பையாக்கி, ஆசனவாயோடு இணைப்பதுதான் பவுச். ஆசனவாயின் சுருக்குத் தசை அப்படியே இருக்கும், மலம் வழக்கமான வழியில் போகும். 1978-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸும் நிக்கல்ஸும் 'எஸ்' வடிவத்தில் இதை வெளியிட்டார்கள். 1980-இல் ஜப்பானின் உட்சுனோமியா எளிய 'ஜே' வடிவத்தைக் கொண்டுவந்தார், இன்று பரவலாகச் செய்வது அதுதான்.

குழந்தைகளுக்குப் பவுச் 8 முதல் 10 செ.மீ நீளம் போதும், வளரும்போது அதுவும் விரியும். பெரிதாகக் கட்டினால் முழுதாகக் காலியாகாமல் தேங்கும். ஆசனவாய்க்கு மேல் விடும் மலக்குடல் விளிம்பு 2 செ.மீ-க்கு மேல் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் அங்கே நோய் தொடரும். இணைப்பு ஆறும் வரை அதன் மேலே தற்காலிக ஸ்டோமா ஒன்று போடுவார்கள். சுமார் இரண்டு மாதம் கழித்து, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் கசிவில்லை என்று பார்த்து, மூன்றாம் அறுவையில் அதை மூடுவார்கள். சத்தும் எடையும் நன்றாகத் தேறிய குழந்தைக்கு இந்தத் தற்காலிக ஸ்டோமா இல்லாமலே இரண்டு படியில் முடிக்கும் மையங்களும் உண்டு.

பவுச் வந்த பிறகு ஆரம்பத்தில் 8, 10 தடவை போகும். ஓராண்டில் பெரும்பாலோருக்கு நாளைக்கு 4 முதல் 8 வரை வந்து நிற்கும், ராத்திரி ஒருமுறை எழ வேண்டியிருக்கலாம். பழைய பழக்கத்துக்கு அப்படியே திரும்புவது நடக்காது என்பதை அறுவைக்கு முன்பே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

பவுச்சின் உள்தோலே அழற்சியாவது பவுச்சைட்டிஸ். பல பிள்ளைகளுக்கு எப்போதாவது இது வரும். திடீரென்று மலம் கூடும், அவசரம் கூடும், இடுப்பில் வலிக்கும். மெட்ரோனிடசோல் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். திரும்பத் திரும்ப வந்தால் குழாய் விட்டுப் பார்த்து, க்ரோன்ஸ் ஒளிந்திருக்கிறதா, இணைப்பு சுருங்கிவிட்டதா என்று தேட வேண்டும்.

பெண் குழந்தைகளின் பெற்றோரிடம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. இடுப்புக்குழியில் செய்யும் அறுவையால் கருக்குழாயைச் சுற்றித் தழும்பு உண்டாகி, பிற்காலத்தில் கருத்தரிப்பது தாமதமாகலாம். லேப்ராஸ்கோபியில் செய்தால் இந்த ஆபத்து குறைகிறது. முதல் அறுவையோடு நிறுத்தி, பவுச்சைப் பின்னாளுக்குத் தள்ளிவைப்பதும் ஏற்கத்தக்க முடிவுதான், ஆனால் விட்டுவைத்த மலக்குடலை ஆண்டுகள் போகப் போகக் குழாய் விட்டுக் கண்காணிக்க வேண்டும், புற்றுநோய் அபாயம் அங்கே மீதமிருக்கிறது. பவுச் போட்டவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்துக் குறைந்தால் ஈடுகட்ட வேண்டும்.